ஊருக்கே ஒரு மாதிரி வீடு

கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவனை வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. இதை நான் சொல்லவில்லை. என் தங்கை ஈஸ்வரி சொல்கிறாள், முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மிச்சம் ரெண்டு மார்க்கையும் வாங்கித் தொலைத்திருந்தால் குடும்பத்தையே காலி பண்ணியிருப்பேன் என்பது அவள் அபிப்பிராயம். மறுத்துப் பேச எனக்கு வாய் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் போடியில் சும்மா இருந்தேன். (அரைகுறைச் சும்மா இல்லை, முழு நேரச் சும்மா.) அப்பா ராமையா ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். வீடு குரங்கணி போகும் சாலையோரம். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள், சாயங்காலம் எங்கள் வாசல் வழியாகத்தான் இறங்கி வரும்.

அப்போது என் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் சிக்கியது. விறகையும் கரண்டையும் மிச்சம் பிடிப்பதற்காக ஓர் அலுவலகம் அச்சடித்தது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.) ஊருக்கு ஒரு மாதிரி வீடு தேர்ந்தெடுப்பார்களாம். அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பாராம். வீடு தேர்வாகிவிட்டால், அந்த வீட்டுப் படித்த இளைஞனுக்குத் தற்காலிக வேலை. கடைசிப் பக்கத்தில் இன்னொரு சேதியும் இருந்தது. நாம் எரிக்கிற புகையில் உள்ள கரியமில வாயு மேலே போய்ப் போர்வையாக மூடிக்கொள்கிறதாம், அதனால் பூமியே சூடாகிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, நீ எரிக்கிற அடுப்புனால ஒலகமே சூடாகுதாம்!"

அம்மா ஊதாங்குழலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஒலகத்த விடு. ஒங்கப்பாவுக்கு வெந்நி சூடாகல. ரெண்டு சுள்ளி எடுத்துப் போடு."

அன்றைக்கே அந்த அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டு, ஒரு சுருள் வரைபடத்தாள் வாங்கி வந்து, எங்கள் வீட்டுக்கு ஒரு கணித மாடல் போட ஆரம்பித்தேன். என்ன எரிகிறது, எதைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு வாயு குறையும் என்று எல்லாவற்றையும் சமன்பாடாக எழுதினேன். அம்மாவை மாறிலி என்று வைத்துக்கொண்டேன். அங்கேயே தப்பு பண்ணிவிட்டேன். அம்மா நாளுக்கு நாள் மாறினாள். ஒருநாள் உளுந்தங்களி, ஒருநாள் பணியாரம், திடீரென்று ஒருநாள் அதிரசம். மாறிலி அதிரசம் சுட்டால் எந்தச் சமன்பாடு தாங்கும்?

ஆனாலும் விடவில்லை. வழி ஒன்று, வழி இரண்டு, வழி மூன்று என்று கோடு கோடாக வரைந்தேன். எல்லாவற்றிலும் சிறந்த விடை வழி ஆறில் கிடைத்தது. குடும்பத்தோடு ராசிங்காபுரத்து அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டால், விறகுச் செலவு பூஜ்யம். அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ராசிங்காபுரத்துல அடுப்பு எரியாதாடா?" என்றார். அதை நான் யோசிக்கவில்லை. வழி ஆறை அடித்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஈஸ்வரிக்குத் தேவாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அவள் ஒரு கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். பிடித்துவிட்டது. அப்பா அம்மாவிடம் சொல்ல வெட்கம். என்னிடம் மட்டும், "அண்ணே, இது அமையணும்ணே" என்று சொன்னாள், கண்ணெல்லாம் கலங்கிப்போய். இது தட்டிப்போகக் கூடாது என்று எனக்கும் உள்ளூர இருந்தது.

எங்கள் பக்கத்தில் முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் ரகசியமாக ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் யாரென்று சொல்லாமல் அக்கம்பக்கத்தில், டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போவார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவுக பக்கத்து ஆளு எந்நேரமும் வருவாக. வீடு வீடா இருக்கட்டும். ஒன் கூத்தையெல்லாம் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையி" என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேனா? அதிகாரியும் சொல்லாமல் வருவாரே, அதற்குள் வீடு தயாராக வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை.

புகையில்லா அடுப்பு என்று ஒன்றைக் குழாய் வைத்துக் கட்டினேன். புகை எங்கள் வீட்டுக்குள் வராது, பக்கத்து வீட்டுக்குள் போகும். வெந்நீருக்காக மொட்டை மாடியில் ஒரு தார் டின்னுக்குக் கறுப்புச் சாயம் அடித்து வெயிலில் வைத்தேன். மலையிலிருந்து மேகம் இறங்காத நாட்களில் மத்தியானம் ஒரு மணிக்கு அது வெதுவெதுப்பாகும். அப்பா கடையில் எடையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குளிக்க வர வேண்டும். அவர் வராமல் பிடிவாதமாகச் சாயங்காலமே குளித்தார், நடுங்கிக்கொண்டே.

அடுத்தது வைக்கோல் பெட்டி. பாதி வெந்த சோற்றையும் குழம்பையும் இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், தன் சூட்டிலேயே வெந்துவிடும். தீ மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் வைக்கோல் சிந்தாமலிருக்க உள்ளே விரித்தது அப்பா கடையின் பழைய ஏலக்காய்ச் சாக்கு. அந்தச் சூட்டில் சாக்கு விழித்துக்கொண்டது. ரசத்தில் ஏலக்காய், புளிக்குழம்பில் ஏலக்காய். கருவாட்டுக் குழம்பு பாயசமாக மணந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக மின்சாரம். வீட்டிலிருந்த அத்தனை பல்பையும் கழற்றிவிட்டேன். உள்ளே ஒன்று, வாசலில் ஒன்று, ரெண்டே ரெண்டு ஜீரோ வாட்ஸ் பல்பு. கடையில் ஜீரோ வாட்ஸில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு நிறம் என்ன, குலம் என்ன என்று வாங்கி மாட்டினேன்.

வாசல் பல்புக்குக் கீழே ஒரு பலகை வைத்தேன். கறுப்புப் பின்னணி. மேல் வரி பச்சையில், 'எரிபொருள் சிக்கனத்தில் ஊருக்கே'. கீழ் வரி வெள்ளையில், கொட்டை எழுத்தில், 'ஒரு மாதிரி வீடு'. பகலில் பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் பச்சை எழுத்து கறுத்துப்போய்ப் பின்னணியோடு மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. நான் கணிதம், பௌதிகம் இல்லை. பொழுது சாய்ந்து பல்பைப் போட்டால், மேல் வரி காணாமல் போய், கீழ் வரி மட்டும் செக்கச்செவேலென்று சாலையைப் பார்த்துச் சிரிக்கும். வீட்டுக்குள் இருக்கிற எங்களுக்கு இது தெரியவே இல்லை.

பலகை வைத்த மறுநாளே, மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகள் எங்கள் வாசலில் வேகம் குறைத்தன. சிக்கனத்தில் நாட்டு மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்துபோனேன். ஒருநாள் சாயங்காலம் மூன்று டிரைவர்கள் தலையைச் சீவிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வரவேற்று, வைக்கோல் பெட்டியைத் திறந்து, வெந்துகொண்டிருந்த சோற்றைக் காட்டினேன். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "இம்புட்டுத்தேனா?" என்றார். வருகைப் பதிவேடு என்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். பெயர், ஊர், 'திருப்தியா?' என்று மூன்று கட்டம். மூவரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த பால்சாமி அண்ணனிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "அண்ணே, பெரிய மனுசர் ஒருத்தர் யாருன்னு சொல்லாம வந்து விசாரிப்பாரு. நல்லாச் சொல்லுங்க. மாதிரி வீடுன்னு சொல்லுங்க. ஏழு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அப்பத்தான் பல்பு எடுப்பாத் தெரியும்."

"அதுக்கென்ன தம்பி, அசத்திருவோம்" என்றார் அவர். அசத்திவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, பலகை எழுத்துத் தெரியாதபடி பொழுது மங்கிய நேரத்தில், வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பையோடு வந்திறங்கியவர் தேவாரத்து குருவையா, மாப்பிள்ளையின் சித்தப்பா. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் நடந்தது பிற்பாடு பால்சாமி அண்ணன் வாயால் கேட்டது.

டீயை வாங்கிக்கொண்டு, மெதுவாக, "இந்த எடை போடுற ராமையா வீடு எப்படி?" என்றாராம்.

"அதுவா? அது ஒரு மாதிரி வீடுண்ணே."

டீ தொண்டையில் நின்றுவிட்டது. "ஒரு மாதிரின்னா?"

"ஊருக்கே அது ஒண்ணுதேன். அந்தா, போர்டே வச்சிருக்காகள்ல? இப்பப் போகாதீக. ஏழு மணிக்குச் செவப்பு லைட்டப் போடுவாக, அப்பப் போனாத்தேன் நல்லாருக்கும். ஜீப்பு டிரைவருகளே போய்ப் பாத்துட்டுத்தேன் வர்றாக."

"அந்த வீட்டுல ஒரு பொண்ணு..."

"தங்கமான புள்ள. அதுதேன் எல்லாத்தையும் செஞ்சு காட்டும். காசு கீசு தொடுறதில்ல."

ஏழு மணிக்கு நான் வாசலுக்கு வந்தபோது, அவர் பலகைக்கு முன்னால் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோல் பை. அதிகாரியேதான்! பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க சார், கூச்சப்படாதீங்க. நெறயப் பேரு வந்துட்டுப் போயிருக்காங்க."

"இல்ல தம்பி, நான் சும்மா... வழி தப்பி..."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் சார்" என்று கண்ணடித்தேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

மனுஷன் அப்படியே விறைத்துப்போனார். இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வீட்டுல... அப்பா, அம்மா..." என்று முனகினார்.

"எல்லாரும் இருக்காங்க சார். குடும்பமே சேந்துதான் பண்றோம். மொதல்ல எங்கம்மா ஒத்துக்கல. இப்பப் பழகிருச்சு."

அந்த நேரம் பார்த்து, அப்பா இடுப்பில் துண்டோடு, பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு வந்தார். "யாருடா?" என்றார். அதிகாரி மாறுவேஷத்தில் வந்திருக்கிறார், காட்டிக்கொடுக்கலாமா? "அதெல்லாம் கேக்கக் கூடாதுப்பா" என்றேன். அப்பாவும் என்னோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருந்த காலம். "சரி, என்னமோ செய்யி. உக்காருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். குருவையா அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தகப்பனை அவர் பார்த்ததே இல்லை என்று அந்த முகம் சொன்னது.

"ஈஸ்வரி! ஐயா வந்திருக்காங்க, வெரசா வா!"

அவள் வந்தாள், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினாள். அவர் அவளையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் பெட்டியிலிருந்து கருவாட்டுக் குழம்பு எடுத்து ஒரு கரண்டி கையில் ஊற்றினேன். நக்கிப் பார்த்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு வரைபடத்தாளை விரித்து, வழி ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிவரியாக விளக்கினேன். எதைச் சொன்னாலும் தலையாட்டினார். இவ்வளவு கவனமாக ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பதிவேட்டை நீட்டினேன். அவசர அவசரமாக எழுதினார். எழுதி முடித்த கையோடு வாசலைத் தாண்டியவர், ஒரு செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் கனவில் மிதந்தேன்.

திங்கட்கிழமை தரகர் வந்தார். "தேவாரத்துக்காரவுக வேணாங்கிறாக. காரணம் கேக்காதீக, எனக்கே சொல்லக் கூசுது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஈஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. அவளுடைய அழுகைச் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம், பால்சாமி அண்ணன் ரகசியமாக அப்பாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வந்தவர் தேவாரத்துக்காரர் என்று தெரிந்துகொண்டதையும், தான் அவரிடம் சொன்னதையும் ஒப்பித்தார். நானும் கூட நின்றேன். அப்பா டீக்கடையில் நின்றபடி, முதன்முறையாக, இருட்டில் எங்கள் வீட்டைப் பார்த்தார். வாய்விட்டுப் படித்தார்.

"ஒரு... மாதிரி... வீடு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பல்பு உடைகிற சத்தம் கேட்டது. எங்கள் வாசலின் மின்சாரச் செலவு என் மாடலை மிஞ்சிப் பூஜ்யத்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை காலை முதல் பஸ்சில் அப்பாவும் நானும் தேவாரம் போனோம். என் கையில் வரைபடச் சுருளும் பதிவேடும். ஆதாரத்தோடு பேசினால் யாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று அப்போதும் நம்பினேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் காதைப் பிளந்தது. குருவையா தன் அண்ணனிடம் மட்டும் குசுகுசுவென்று சொன்ன காரணத்தை, குருவையாவின் மனைவி பஞ்சவர்ணம் ஒட்டுக்கேட்டுவிட்டாள். மூன்று நாளாகப் பஞ்சாயத்து நடக்கிறது.

"போனீக, சரி. செவப்பு லைட்டப் பாத்தீக, போர்டப் படிச்சீக. அம்புட்டையும் பாத்துப்புட்டு உள்ள ஒங்களுக்கு என்ன சோலி?"

"அந்தப் பய கையப் புடிச்சு இழுத்தாண்டி!"

"இழுத்தாப் போயிருவீகளோ? நானுந்தேன் வருசக்கணக்கா இழுக்குறேன், ஒரு சினிமாவுக்கு வந்திருக்கீகளா?"

அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் பயந்து பின்வாங்கினேன். அவரோ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "வந்துட்டியா அப்பு! அந்தக் கோடு போட்ட தாளக் கொண்டா!" என்று பிடுங்கித் தரையில் விரித்தார். "பாருடி! இது அடுப்பு சோலி! வழி ஒண்ணு, பொகையில்லா அடுப்பு. வழி ரெண்டு, வைக்கப் பெட்டி. பாதி வேக்காட்டுல எறக்கி வச்சா மிச்சம் தானா வெந்துரும். கரியமில வாயு கொறையும், ஒலகம் சூடாகாது!" ஒன்றுவிடாமல் சொன்னார். என் மாடலை முழுதாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர். இன்றுவரை அவர் ஒருவர்தான்.

பஞ்சவர்ணம் அத்தை கொஞ்சம் தணிந்த மாதிரி தெரிந்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "மாமா கௌரவமா வந்து பாத்துட்டுப் போனதுக்கு ரெக்கார்டே இருக்கு அத்தை" என்று பதிவேட்டை எடுத்து நீட்டினேன்.

அத்தைக்குப் படிக்க வராது. தூணோரம் நின்றிருந்த மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் முகத்தை மாற்றாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பெயர்: முருகன். ஊர்: கம்பம். திருப்தியா: மிகவும்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை எழுந்தாள், புடவையை இழுத்துச் செருகினாள்.

"அவ்வளவு யோக்கியமான வீடா இருந்தாப் பேர எதுக்கு மாத்துனீக? குடும்ப வீடுன்னா அந்த வீட்டுல பொண்ணெடுங்க பாப்பம்! எடுத்தா நம்புறேன். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எடுக்குறோம்! வர்ற வைகாசியிலயே எடுக்குறோம்!" என்று குருவையா கத்தினார்.

"ஏப்பா, பையன் எனக்குத்தானப்பா? நான்ல சொல்லணும்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நீங்க சும்மா இருங்கண்ணே. இது என் மானப் பெரச்சன!"

மாப்பிள்ளை பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்குச் சம்மதம் என்று எனக்குப் புரிந்தது. பஸ்சில் திரும்பும்போது அப்பா என்னோடு பேசவில்லை, ஆனால் டிக்கெட் எனக்கும் சேர்த்து எடுத்தார். ஈஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சிரித்தாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

நிஜ அதிகாரி ஆனியில் வந்தார். பலகை அதற்கு முன்பே அடுப்பில் எரிந்துபோயிருந்தது. டீக்கடையில் இறங்கி, "இங்க ஒரு மாதிரி வீடு இருக்காமே, எது?" என்று கேட்டிருக்கிறார். பால்சாமி அண்ணன் பாடம் கற்றவர். "அந்த மாதிரி வீடெல்லாம் எங்க ஊர்ல கெடையாது சார். கௌரவமான ஊரு. பஸ்சப் புடிச்சுப் போய்ச் சேருங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது.

ஈஸ்வரிக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வந்தால், "ஒங்க சித்தப்பா மானத்தக் காப்பாத்தத்தான என்னக் கட்டுனீக?" என்று அவள் ஆரம்பிப்பாள். அவர் என்னைத் திட்டுவார், அவளும் சேர்ந்து திட்டுவாள். சண்டை முடிந்துவிடும்.

குருவையா மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் கண் டாக்டரைப் பார்க்கப் போடி வந்தவர், ரிட்டயராகி ஊருக்கே திரும்பிவிட்ட எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. பஞ்சவர்ணம் அத்தை.

"மாமா அங்கயா இருக்காக?"

"ஆமா அத்தை, இப்பத்தான் வந்தாக."

"போன ஒம் பொண்டாட்டிட்ட குடு."

கொடுத்தேன். அத்தை கேட்டது எனக்கும் கேட்டது, மாமாவுக்கும் கேட்டது.

"ஏத்தா, வாசக்கதவு தெறந்துதான இருக்கு?"

மாமா எழுந்தார். காபி டம்ளரை ஒரு கையிலும் நாற்காலியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு போய், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.